தினமும் 0.75: வாக்கர்டன் ஊர்த் தண்ணீரின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு எண்ணைப் பத்தினது. 0.75. இந்த எண்ணை ஒருத்தர் ஒரு பதிவேட்டுல தொடர்ந்து எழுதிட்டே இருந்தார். அது பொய். அந்தப் பொய் யாரையும் கொல்லணும்னு சொன்ன பொய் இல்லை. எனக்கு இந்தக் கதையில ரொம்ப உறுத்துறது அதுதான்.

இடம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் வாக்கர்டன். சுத்திலும் பண்ணை நிலம். 2000-ஆம் ஆண்டில் மக்கள்தொகை சுமார் 4,800. ஊருக்கான தண்ணீர் 5, 6, 7 என்று எண் போட்ட மூன்று கிணறுகளிலிருந்து வந்தது. தண்ணியில குளோரின் கலந்து குழாய்ல விடுவாங்க. தினமும் ஒரு ஊழியர் போய், கலந்த குளோரின்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்து எழுதணும். 15 நிமிஷம் கழிச்சும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும்கிறது அங்கிருந்த விதி.

ஏன் மிச்சத்தை அளக்கணும்? தண்ணியில கழிவோ கிருமியோ கலந்தா, அதோட சண்டை போட்டு குளோரின் தீர்ந்துடும். மிச்சம் திடீர்னு குறைஞ்சா உள்ளே ஏதோ வந்திருக்குன்னு அர்த்தம். அதாவது அந்த எண்தான் அபாய மணி.

வாக்கர்டனில் அந்த மணியை யாரும் கேட்கவில்லை. ஊழியர்கள் பெரும்பாலான நாட்களில் அளக்காமலேயே 0.5 அல்லது 0.75 என்று எழுதினார்கள். இது பல வருஷமா நடந்த பழக்கம். தண்ணீர் நிர்வாகத்தின் மேலாளரும், மேற்பார்வையாளராக இருந்த அவருடைய சகோதரரும் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்ல. அனுபவத்தைக் கணக்கில் வைத்து, தேர்வே இல்லாமல் உரிமம் கொடுத்திருந்தார்கள். குளோரின் வாடை அடிக்குதுன்னு ஊர்க்காரங்களும் புகார் சொல்லுவாங்க. கிணத்துத் தண்ணி சுத்தமானதுன்னு ஊழியர்கள் மனசார நம்பினாங்க. குளோரின் கலக்காத தண்ணியை அவங்களே குடிச்சாங்க.

ஆனா 5-ஆம் கிணறு நம்பக்கூடிய கிணறு இல்லை. 1978-இல் தோண்டியது. வெறும் 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலிருந்தே தண்ணீர் வந்தது. பக்கத்திலேயே பண்ணை. 2000 மே 8 முதல் 12 வரை சுமார் 134 மி.மீ. மழை கொட்டியது. வயலில் போட்டிருந்த மாட்டு எருவிலிருந்து ஈ.கோலை ஓ157, கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் கிணற்றுக்குள் இறங்கின. அடுத்த நாள், மே 13. ஊழியர் கிணத்துக்குப் போனார். அளக்கலை. 0.75-னு எழுதிட்டு வந்துட்டார்.

மே 17-ஆம் தேதி ஆய்வகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது: தண்ணீரில் ஈ.கோலை. அது மேலாளருக்கு மட்டும்தான் போனது. 1996-இல் மாகாண அரசு இந்தப் பரிசோதனைகளை முழுசா தனியார் ஆய்வகங்களிடம் விட்டிருந்தது. மோசமான முடிவு வந்தால் அரசுக்கும் சொல்லியே ஆகணும்னு சட்டம் எதுவும் போடலை.

மே 19. குழந்தைகளுக்கு ரத்தப் பேதி. சுகாதாரத் துறையிலிருந்து மேலாளருக்கு போன் பண்ணி, “தண்ணி சரியா இருக்கா?”ன்னு கேக்கறாங்க. “சரியாத்தான் இருக்கு”ன்னு சொல்றார். 7-ஆம் கிணறு பல நாளா குளோரின் கருவியே இல்லாம ஓடிட்டிருந்தது. அது வெளியே தெரிஞ்சுடும்னு பயம். சத்தமில்லாம குழாய்களைக் கழுவி, குளோரினைக் கூட்டி, தானே சரி பண்ணிடலாம்னு நினைச்சார்.

மே 21-ஆம் தேதி, சுகாதாரத் துறை அவர் சொன்னதை நம்பாமல், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதித்தது.

நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையில் விசாரணை நடந்தது. முதல் அறிக்கை 2002 ஜனவரியில் வந்தது. அவர் அந்தச் சகோதரர்களோட நிறுத்தலை. எரு போட்ட விவசாயி மேல தப்பில்லைன்னு தெளிவாச் சொன்னார். பிறகு அரசின் பக்கம் திரும்பினார். 1998 ஆய்வுலேயே குளோரின் குறைவும் ஈ.கோலையும் தெரிஞ்சிருந்தது. துறை ஒரு கடிதம் அனுப்பிச்சது, மறுபடி வந்து பார்க்கலை. நிதியையும் ஆட்களையும் குறைச்சதால கண்காணிப்பு பலவீனமாச்சு. 5-ஆம் கிணத்துல குளோரினைத் தானாகவே தொடர்ந்து அளக்கற கருவி இருந்திருந்தா இந்த நோய்ப் பரவலையே தடுத்திருக்கலாம்னும் சொன்னார்.

இதைப் படிக்கறப்ப நான் என்னைத்தான் கேட்டுக்கிட்டேன். ஆபீஸ்ல ‘சரிபார்த்தேன்’ங்கற கட்டத்துல பார்க்காமலே எத்தனை தடவை டிக் போட்டிருக்கேன்? நேத்து ஒண்ணும் ஆகலை, அதனால இன்னைக்கும் ஆகாது. அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க.

2004-இல் சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மேலாளருக்கு ஓராண்டு சிறை, மற்றவருக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல். ஒன்டாரியோவில் 2002-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. இப்போ மோசமான முடிவு வந்தா, ஆய்வகமே நேரடியா அரசுக்கும் சுகாதார அதிகாரிக்கும் சொல்லணும். வாக்கர்டனிலேயே குடிநீர் ஊழியர்களுக்கான பயிற்சி மையமும் திறந்தார்கள்.

உங்க குடியிருப்புக்கு வர்ற தண்ணியை யார் அளக்கறாங்க, அந்த ரிசல்ட் யார் யாருக்குப் போகுதுன்னு இந்த வாரம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் கிடைச்சா எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.