சைலன்சரைத் திறந்தா ரம்பம் வேகமா அறுக்குமா? ஒரு பழைய கதை

நம்ம பக்கம் மப்ளர்னு சொன்னா மார்கழிக் காலையில வயலுக்குப் போற பெரியவங்க தலையில சுத்திக்கிடுற துணிதான். எஞ்சின்ல இருக்கிறதுக்கு சைலன்சர்னுதான் பேரு. இப்ப நான் எழுதப் போறது மரம் அறுக்கிற மிஷின் ரம்பத்தில் இருக்கிற சைலன்சரைப் பத்தி.

ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், கடையம் பக்கம் இப்ப தென்னந்தோப்பு வச்சிருக்கிற பல வீட்டில ஒரு மிஷின் ரம்பம் கிடக்கு. ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்கு 58 சிசி மிஷின் வந்ததும் ஆளாளுக்கு வாங்கியாச்சு. கொஞ்ச நாளா ஒரு பேச்சு ஓடுது. சைலன்சரைக் கழத்தி, உள்ளே இருக்கிற தகட்டை எடுத்துட்டு, வாயைப் பெரிசாக்கினா மிஷின் பிச்சுக்கிட்டுப் போகும்னு. இதில் பாதி உண்மை. அது எந்தப் பாதின்னு தெரியணும்னா இந்த டப்பா எதுக்கு வந்ததுன்னு பாக்கணும்.

வாள்பட்டறையிலிருந்து மிஷினுக்கு

என் சின்ன வயசுல வாள்பட்டறைன்னா குழிக்கு மேல மரத்தைக் கிடத்தி, மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் நின்னு இழுப்பு வாள் இழுக்கிறதுதான். கீழ நிக்கிறவர் கண்ணு, மூக்கு எல்லாம் மரத்தூள். நாள் பூரா இழுத்தாலும் சத்தம் ‘சர்ரு சர்ரு’ன்னு பக்கத்துத் தெருவோட நின்னுரும்.

மிஷின் ரம்பம் ஜெர்மனியில் வந்தது. 1927-ல் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல்ல ஓடுற ரம்பம் ஒண்ணு செஞ்சு, டோல்மார் என்கிற மலையில வச்சு ஓட்டிப் பாத்தார். கம்பெனிக்கும் அந்த மலை பேரையே வச்சுட்டார். மிஷின் எடை 58 கிலோ. தூக்க ரெண்டு ஆள் வேணும். ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1926-ல் கரண்ட்ல ஓடுற ரம்பமும், 1929-ல் 46 கிலோ எடையில பெட்ரோல் ரம்பமும் கொண்டு வந்தார். ஒத்த ஆள் பிடிச்சு அறுக்கிற மாதிரி ஸ்டீல் கம்பெனி மிஷின் வந்தது 1950-ல். அதுவும் 16 கிலோ. 1959-ல் கான்ட்ரா என்கிற மாடல் வந்தப்பதான் அது 12 கிலோவுக்கு இறங்குச்சு.

அந்தக் காலத்து மிஷின்களில் சைலன்சர் பேருக்குத்தான். பல மிஷின்ல புகையை ஆள் மூஞ்சியில படாம திருப்பி விட ஒரு சின்னக் குழாய், அவ்வளவுதான். நடுக்காட்டுல யாருக்குக் கேக்கப் போகுதுன்னு விட்டுட்டாங்க. பிடிச்சிருக்கிற ஆளுக்குக் காது இருக்குங்கிறதை யாரும் பெருசா நினைக்கல.

சைலன்சர் வந்தது குதிரைக்காக

சைலன்சர் ரம்பத்தை விட மூத்தது. அமெரிக்காவில இண்டியானா மாகாணத்தில மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ்னு அண்ணன் தம்பி. 1896-ல் ஒரு மோட்டார் வண்டி செஞ்சு ரோட்டுல விட்டாங்க. சத்தத்தில குதிரை எல்லாம் மிரண்டுச்சு. அந்தச் சத்தத்தைக் குறைக்க ஒரு டப்பா செஞ்சு 1897-ல் காப்புரிமை வாங்கினாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர் 1909-ல் துப்பாக்கிக்கு சைலன்சர் காப்புரிமை வாங்கினார். இவர் அப்பாதான் மாக்சிம் மெஷின் கன் செஞ்சவர். அப்பா சத்தத்தை உண்டாக்கினார், மகன் அடக்கினார். பிறகு அதே முறையில எஞ்சினுக்கும் சைலன்சர் செஞ்சு வித்தார்.

எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான். வெடிச்சு வர்ற புகை ஒரே குழாயில நேரா வெளிய போனா ‘டம்’னு கேக்கும். அதை ஒரு டப்பாவுக்குள்ள விட்டு, தகட்டுல முட்ட வச்சு, ஓட்டை ஓட்டையா நுழைய வச்சா வேகம் தணிஞ்சு வரும். மதகுக்கு முன்னால தொட்டி கட்டி தண்ணி வேகத்தை அடக்குற மாதிரி. ஆனா தண்ணியை அடக்கினா பின்னால கொஞ்சம் தேங்கும்ல. அதே மாதிரி புகையும் சிலிண்டர் பக்கம் தேங்கும். எஞ்சின் அதைத் தள்ளுறதுக்குக் கொஞ்சம் சக்தி செலவாகும். சைலன்சரைத் திறந்தா இழுவை கூடும்கிற பேச்சுக்கு ஆதாரம் இதுதான். இந்தப் பாதி உண்மை.

எஞ்சின் நமக்குப் புதுசு இல்ல

நம்ம சீமைக்கும் எஞ்சினுக்கும் சொந்தம் உண்டு. சென்னையில சிம்சன் கம்பெனியை நடத்தி, அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வளர்த்த அனந்தராமகிருஷ்ணன் 1905-ல் பிறந்தது நம்ம ஆழ்வார்குறிச்சியில. பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை சென்னையில செஞ்சது சிம்சன். 1960-ல் தொடங்கின டாஃபே டிராக்டர் கம்பெனியும் அந்தக் குழுமம்தான். அந்தப் பக்கம் திருக்குறுங்குடியில 1877-ல் பிறந்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். அவர் குடும்பத்துக் கம்பெனி 1980-ல் ஓசூரிலிருந்து விட்டதுதான் டிவிஎஸ் 50. நெல் மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன்னு நம்ம ஊரைச் சுமந்த வண்டி.

டிவிஎஸ் 50-க்கும் மிஷின் ரம்பத்துக்கும் ஒரே வகை எஞ்சின், டூ ஸ்ட்ரோக். இங்கிலாந்துல ஜோசப் டே என்பவர் 1891-ல் காப்புரிமை வாங்கின அமைப்பு. வால்வு கிடையாது. பிஸ்டன் மேலயும் கீழயும் போறப்ப சிலிண்டர் சுவரில இருக்கிற வாசலைத் திறந்து மூடும். பழைய புகை வெளிய போற வாசலும் புது பெட்ரோல் உள்ளே வர்ற வாசலும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அதனால புது பெட்ரோல்ல கால் பங்கு வரை எரியாமலே வெளிய ஓடிப் போறதும் உண்டு. டூ ஸ்ட்ரோக் புகை வாடைக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஓட்டத்தைத் தடுத்துக் காட்டினவர் வால்டர் காடென். கிழக்கு ஜெர்மனியில எம்.இசட். மோட்டார் சைக்கிள் கம்பெனியில ரேஸ் வண்டி செஞ்சவர். சைலன்சர் குழாயை முதல்ல விரியவும் பிறகு குறுகவும் வச்சார். வெளிய போற புகையோட அலை அந்தக் குறுகின இடத்தில முட்டித் திரும்பி வந்து, தப்பி ஓடின பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிரும். 1961-ல் 125 சிசி எஞ்சினில 25 குதிரைசக்தி எடுத்தார். அந்த வருஷம் ஸ்வீடன் ரேஸுக்குப் போன எர்ன்ஸ்ட் டெக்னர் என்கிற ஓட்டுநர் நாட்டுக்குத் திரும்பாம தப்பிப் போய் ஜப்பான் சுசுகியில சேர்ந்தார். காடெனோட வித்தையும் கூடவே போச்சு. மறு வருஷம் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு.

இதில கவனிக்க வேண்டியது ஒண்ணு. காடென் குழாயைத் திறந்து விடல. கணக்குப் போட்டு ஒரு இடத்தில குறுக்கினார். சக்தி வந்தது அந்தக் குறுக்கலில்தான்.

1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு நம்ம பையங்க என்ன செஞ்சாங்கன்னு நினைச்சுப் பாருங்க. சைலன்சர் உள்ளே இருக்கிற குழாயை உருவி எறிஞ்சாங்க. அம்பாசமுத்திரம் ரோட்டுல சத்தம் ரெண்டு மடங்கு ஆச்சு. ஆளு ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு மேடு ஏறச் சொன்னா முன்னால இருந்த இழுவை இல்ல. சத்தம் கூடுனா வேகம் கூடுன மாதிரி காதுக்குத் தோணும், அதுதான்.

டிவிஎஸ் 50 மெக்கானிக்குகள் வேற ஒண்ணு செஞ்சாங்க. இழுவை இல்லன்னு வண்டி வந்தா சைலன்சரைக் கழத்தி நெருப்புல போட்டு, கரியைத் தட்டி எடுத்து மாட்டுவாங்க. வண்டி புதுசு மாதிரி போகும். டப்பாவில தப்பு இல்ல, அடைச்சிருந்த கரியிலதான் தப்புன்னு அவங்களுக்குத் தெரியும்.

ரம்பத்து டப்பாவை ஏன் இறுக்கினாங்க

மிஷின் ரம்பத்தில நீளக் குழாய் வைக்க இடம் கிடையாது. சிலிண்டரிலேயே ஒட்டின மாதிரி ஒரு சின்ன டப்பா. காடென் வித்தை அதில நடக்காது. வெறும் சத்தத்தையும் சூட்டையும் அடக்குற டப்பாதான்.

அமெரிக்காவில கையில பிடிக்கிற சின்ன எஞ்சினுக்கும் 1997-லிருந்து புகைக் கட்டுப்பாடு வந்தது, பிறகு இன்னும் இறுகிச்சு. கம்பெனிக்காரங்க பெட்ரோலைக் குறைச்சு விட்டாங்க, கார்புரேட்டர் திருகாணி அதிகம் திரும்பாம மூடி போட்டாங்க, சில மாடல்ல சைலன்சர் உள்ளேயே புகை சுத்தம் பண்ற சாமானையும் வச்சாங்க. வீட்டு உபயோக ரம்பத்தில டப்பா வாய் சின்னதா ஆச்சு. அங்க உள்ளவங்க அதைத் திறந்து பாத்தாங்க, இழுவை கூடுச்சு. அங்கிருந்து கிளம்பின பேச்சுதான் நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்திருக்கு.

வர்ற வழியில ஒரு முக்கியமான சங்கதி உதிர்ந்து போச்சு. வாயைப் பெரிசாக்கினா எஞ்சினுக்குள்ள காத்து அதிகமா ஓடும். பெட்ரோல் அதே அளவுதான் வரும். டூ ஸ்ட்ரோக்ல ஆயில் பெட்ரோலோட கலந்துதான் உள்ளே போகுது. பெட்ரோல் பத்தலன்னா ஆயிலும் பத்தாது, சூடும் ஏறும். அதனால டப்பாவைத் திறந்தவங்க எல்லாரும் கார்புரேட்டர்ல பெட்ரோலைக் கூட்டி வச்சுத்தான் ஓட்டினாங்க. நம்ம ஊர்ல ட்ரில்லைப் போட்டுத் துளைச்சதோட நிறுத்திட்டாங்க. எங்க தோப்புக்குப் பக்கத்துல ஒரு தம்பி அப்படி ஓட்டினான். ‘கீச்சு’ன்னு நல்லா ஏறிப் போய்க்கிட்டிருந்த மிஷின் மூணாவது தென்னையில நின்னு போச்சு. கழத்திப் பாத்தா பிஸ்டன் ஒரு பக்கம் முழுக்க கீறல். “அண்ணாச்சி, நல்ல வேகமா ஓடுச்சே, எப்படி மக்கர் பண்ணுச்சு?”ன்னு கேட்டான். அந்த வேகம்தான் பெட்ரோல் பத்தலங்கிறதுக்கு அடையாளம்.

இன்னொண்ணு, டப்பா வாயில ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும். அதையும் பிடுங்கிருதாங்க. தீப்பிடிச்ச கரித்துண்டு வெளிய தெறிக்காம இருக்கத்தான் அந்த வலை. பங்குனி, சித்திரையில பனங்காவோலையும் தென்னை மட்டையும் காய்ஞ்சு கிடக்கிற இடத்தில, அதுவும் முண்டந்துறைக் காட்டு அடிவாரத்தில, ஒரு பொறி போதும்.

காது

பிஸ்டன் போனா ரெண்டாயிரம் ரூபாயில சரி பண்ணிரலாம். காது அப்படி இல்ல. மிஷின் ரம்பம் சாதாரணமாவே பிடிச்சிருக்கிறவர் காதுக்கு ஏறக்குறைய 110 டெசிபல் சத்தம் போடும். அமெரிக்கத் தொழிலாளர் உடல்நல நிறுவனம் சொல்ற கணக்கு, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடுறப்பவும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிஷம். 110-க்கு ரெண்டு நிமிஷம் கூட இல்ல. இது சைலன்சர் இருக்கிறப்ப. திறந்து விட்டா கணக்கே வேண்டாம்.

மோட்டார் சைக்கிளுக்கு சைலன்சர் வேணும்னு 1989 மோட்டார் வாகன விதியில இருக்கு. ரோட்டுல நிறுத்திக் கேப்பாங்க. தோப்புக்குள்ள ரம்பம் பிடிக்கிறவரை யார் வந்து கேக்கப் போறா? எங்களுக்கு மரம் அறுக்க வர்ற அண்ணாச்சி ஒருத்தருக்கு இன்னும் ஐம்பது வயசு ஆகல. பக்கத்துல நின்னு கூப்பிட்டாத் திரும்ப மாட்டார், தோளைத் தொடணும். சின்னப் பிள்ளைங்க பேசுறது கேக்கலங்கிறார். போன வருஷம் ஒரு வேப்பமரம் கயிறு கட்டின பக்கம் விழாம திரும்புச்சு. நாங்க நாலு பேரு “விலகு, விலகு”ன்னு கத்துறோம், அவருக்குக் கேக்கல. கயிறு பிடிச்சிருந்த பையன் ஓடிப்போய் இழுத்துத் தள்ளினதால தப்பிச்சார். மரம் அறுக்கிறவருக்குக் கண்ணு, கையைப் போல காதும் ஒரு ஆயுதம். மரம் முறியறதுக்கு முன்னால உள்ளே ‘மடமட’ன்னு ஒரு சத்தம் வரும். பழைய வாள்காரங்க அதைக் கேட்டுத்தான் விலகுவாங்க.

வேகம் பல்லுலதான்

ரம்பத்தோட சரித்திரத்துல பெரிய மாற்றங்கள்ல ஒண்ணு எஞ்சினுக்கு வெளிய நடந்தது. முதல்ல வந்த செயின்ல பல்லு எல்லாம் நம்ம இழுப்பு வாள் பல்லு மாதிரி. அடிக்கடி அரம் போடணும். 1946-ல் அமெரிக்காவில ஆரிகன் மாகாணத்தில ஜோ காக்ஸ் என்கிற மரம் வெட்டுறவர் விறகு பிளக்கிறப்ப ஒரு கட்டையில மரத்தைக் குடைஞ்சு தின்னுற வண்டுப் புழுவைப் பாத்தார். விரல் மொத்தம்தான் இருக்கும், ஆனா மரத்தை எப்படி வேணா குடையுது. அதோட தாடை இடமும் வலமும் மாறி மாறிக் கடிக்கிறதைப் பாத்து அதே வடிவத்தில செயின் பல்லு செஞ்சார். 1947-ல் கம்பெனி தொடங்கினார். இன்னைக்கு நம்ம கையில இருக்கிற செயின் பல்லும் அந்த வழியில வந்ததுதான்.

எங்க ஊர் பழைய வாள்காரங்களுக்கும் இது தெரியும். காலையில வேலைக்கு முன்னால உக்காந்து, ஒவ்வொரு பல்லுக்கும் அரம் போட்டுத்தான் வாளைத் தூக்குவாங்க. இப்ப மிஷின் வச்சிருக்கிறவங்க மழுங்கின செயினை மரத்தில அழுத்திக்கிட்டு எஞ்சினைத் திட்டுதாங்க. ஒண்ணு பாத்துக்கிடுங்க. மரத்தூள் செதில் செதிலா விழுந்தா பல்லு நல்லா இருக்கு. மாவு மாதிரி விழுந்தா அரம் போடணும்.

இழுவை இல்லன்னா முதல்ல உருட்டு அரம் எடுத்து பல்லைத் தீட்டுங்க. பிறகு காத்து வடிகட்டியைக் கழுவுங்க. சைலன்சரைக் கழத்தி, டிவிஎஸ் 50 மெக்கானிக் மாதிரி கரியையும் கம்பி வலையையும் சுத்தம் பண்ணி அப்படியே திரும்ப மாட்டுங்க. மிஷின் புத்தகத்தில போட்டிருக்கிற அளவுக்கு 2டி ஆயில் கலங்க. முக்கால்வாசி மிஷினுக்கு இதிலேயே இழுவை திரும்பிரும். அதுக்கு மேலயும் திறந்துதான் பாப்பேன்னா, கார்புரேட்டர் திருகாணி தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க, வலையை விட்டு வையுங்க.

அறுக்க வர்ற ஆளுக்குக் கூலியோட சேர்த்து ஒரு காதுமூடியும் வாங்கிக் குடுங்க. நான் ஒண்ணு வாங்கி மிஷின் பையிலேயே போட்டு வச்சிருக்கேன். அதை மாட்டினவர் கையிலதான் மிஷினைக் குடுக்கிறது.