மாம்பலம் நிலையமும் இரண்டு மாம்பலங்களும்

ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் ஊர்கள் தோன்றியது பழங்காலத்து வழக்கம். இருப்புப் பாதையின் ஓரத்தில் ஊர்கள் தோன்றியது அண்மைக்காலத்து வழக்கம். ஏரி ஒன்று தூர்க்கப்பட்ட இடத்தில், இருப்புப் பாதையை அண்டி ஊர் எழுந்த வரலாறு சென்னைக்கு உண்டு. மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தைச் சுற்றி அமைந்த வரலாறே அது.

ஏரி நகரான கதை

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கிப் பிறை வடிவில் நீண்டு கிடந்தது ஒரு பேரேரி. அதன் நீளம் கருதி ஆங்கிலேயர் அதனை ‘லாங் டேங்க்’ என்று அழைத்தனர். அதனை அடுத்துத் தெற்கு நோக்கி இருப்புப் பாதை சென்றது. மாம்பலம் அக்காலத்தில் நகர எல்லைக்கு அப்பாற்பட்ட ஒரு சிற்றூர்.

சென்னையில் மக்கள் பெருகவே, குடியிருப்புக்கு நிலம் வேண்டியதாயிற்று. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் அதற்கு வழி செய்தது. 1920களில் ஏரியின் பெரும்பகுதி தூர்க்கப்பட்டுப் புதிய நகர் உருவாயிற்று. நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரும் 1925இல் மறைந்தவருமான சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நடுவே அமைந்த பூங்கா, சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. உஸ்மான் சாலை, நாயர் சாலை, சௌந்தரபாண்டியன் அங்காடி முதலியனவும் அவ்வியக்கத்தைச் சார்ந்தோரை நினைவூட்டுவன. சௌந்தரபாண்டியன் அங்காடியே மக்கள் நாவில் ‘பாண்டி பஜார்’ ஆயிற்று. ஏரி மறைந்தபோதும் அதன் நினைவு முற்றும் மறையவில்லை. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை.

மின்வண்டியின் வரவு

வரைபடத்தில் நகர் பிறந்தது. அதில் குடியேறுவோருக்கு நாள்தோறும் அலுவலகம் செல்ல வழி வேண்டுமன்றோ? கோட்டையும் உயர்நீதிமன்றமும் துறைமுகமும் வங்கிகளும் நகரின் வடகிழக்கில் இருந்தன. அவ்வழியைத் திறந்தது 1931ஆம் ஆண்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுக்கு, மீட்டர்கேஜ் பாதையில் மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கின. கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை ஆகியவை அலுவலகத்திலிருந்து சில நிமிடத் தொலைவுக்குள் வந்தன.

சீசன் டிக்கெட் எனும் மாதச் சீட்டு, ஒரு குடும்பம் எங்கே வாழலாம் என்பதைத் தீர்மானிக்கும் பொருளாயிற்று. வாடகைக்கு வீடு தேடுவோர் முதலில் கேட்ட கேள்வி, “ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்?” என்பதே. திண்டிவனம், செங்கற்பட்டு வழியாகக் கல்வியும் வேலையும் நாடி வந்த தென்திசைக் குடும்பங்களும் இப்பாதையை ஒட்டியே இடம் தேடின. வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து சென்னைக்குப் பெயர்ந்த சமணக் குடும்பங்களுக்கும் இது பழகிய வழியே.

ஒரு நிலையம், இரு கரைகள்

நிலையம் ஊரை வளர்த்தது. பாதை அதனை இரண்டாகப் பிரிக்கவும் செய்தது. கிழக்கே அகன்ற சாலைகளும் பூங்காவும் மனைகளும் திட்டமிட்டு அமைந்தன. மேற்கே குறுகிய தெருக்களும் நடுத்தரக் குடும்பங்களின் ஒண்டுக்குடித்தனங்களும் தாமாகப் பெருகின. கொசுவுக்குப் பெயர்பெற்றிருந்த மேற்கு மாம்பலம், குறைந்த வாடகைக்கும் பெயர்பெற்றிருந்தது. ஒரே வண்டியில் வந்திறங்கியோர், படியிறங்கியதும் இருவேறு ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர். இரு கரைகளையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் நீர் தேங்குவதுண்டு. பழைய ஏரி தன் இடத்தைத் தேடி வருகிறதோ என எண்ணத் தோன்றும்.

திட்டத்தில் இல்லாத தெரு

நகரை வகுத்தோர் பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு சாலைகளை அமைத்தனர். ஆயின், மக்கள் நடந்தது நிலையத்திலிருந்து. நிலைய வாயிலுக்கும் உஸ்மான் சாலைக்கும் இடையே கிடந்த அரங்கநாதன் தெரு, வீடுகள் நிறைந்த ஒரு சிறு தெரு. அதனை யாரும் அங்காடியாகக் கருதவில்லை. மாலையில் வண்டியிலிருந்து இறங்குவோர் வீட்டுக்குச் செல்லும் வழியில் பூவும் காயும் வாங்கினர். பின்னர்ப் பாத்திரமும் துணியும் வாங்கினர். தரைக்கடைகள் வந்தன, திண்ணைகள் கடைகளாயின, வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி வணிக வளாகங்கள் எழுந்தன. வெளியூர் மக்கள் திருமணத்துக்குத் துணியும் நகையும் வாங்க மாம்பலத்தில் இறங்குவது வழக்கமாயிற்று. எண்ணற்ற குடும்பங்களுக்குப் பிழைப்புத் தந்த அதே தெரு, அங்கு வாழ்ந்தோர் வெளியேறவும் காரணமாயிற்று.

நிலையத்தின் முன்னே ஒரு திடல் விடப்பட்டிருப்பின், இந்நெரிசல் ஓரளவேனும் தணிந்திருக்கும். விடுபட்ட அவ்விடத்துக்கு ஈடாகப் பிற்காலம் வேறு வழிகளைத் தேட வேண்டியதாயிற்று. 2019இல் பாண்டி பஜாரில் நடப்போருக்கான அகன்ற நடைபாதை அமைந்தது. 2023இல் நிலையத்தையும் பேருந்து முனையத்தையும் இணைத்துச் சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டது. தரையில் விடாத வழியை வானில் அமைக்க நேர்ந்தது.

மாம்பலம் காட்டும் உண்மை எளியது. நகரை வரைபவர் சிலர். அதனை நடந்து நடந்து ஆக்குபவர் பலர். நடப்போரின் வழியை முதலில் எண்ணி, அதன்பின் மனைகளை அளந்தால், ஊரும் செழிக்கும். அங்கு வாழ்வோரும் இடம்பெயர வேண்டியிராது. தாம்பரத்துக்கு அப்பாலும் நிலையங்களை அண்டிப் புதிய குடியிருப்புகள் எழும் இந்நாளில், மனை வாங்குவோரும் நகர் அமைப்போரும் மாம்பலத்தை ஒருமுறை நினைத்தல் நன்று.