நாலு கட்டை, ஒரு வழக்கு

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் போய்வருபவரா நீங்கள்? கழுத்தில் ஆர்மோனியப் பெட்டியை மாட்டிக்கொண்டு, பழைய பாட்டுப் பாடி வரும் பார்வையற்ற கலைஞரை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். பல்லாவரம் வருவதற்குள் சில்லறை தேடும் அவசரத்தில், அந்தப் பெட்டியின் மேல் ஒரு பெரிய வழக்கே இருந்தது என்பது யாருக்கு ஞாபகம் வரும்?

ஒரு சின்னச் சோதனை. கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் எண்ணி, ச-விலிருந்து 1, 4, 7, 10-ம் கட்டைகளை ஒன்றாக அழுத்துங்கள். ஜாதகம் தெரிந்தவர்கள், 'அட, நாலும் கேந்திரமாச்சே!' என்பார்கள். சட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம். மேல்நாட்டில் இதற்கு 'டிமினிஷ்ட் செவன்த்' என்று பேர். ஊமைப்பட காலத்தில் வில்லன் வந்தால் பியானோக்காரர் அழுத்தியது இதைத்தான். நாலுக்கும் நடுவே சம தூரம். அதனால் எது வீடு, எது வாசல் என்று காதுக்குப் புரியாது. வயிற்றைக் கலக்கும்!

ஆனால், அந்தச் சம தூரம் இயற்கை கொடுத்தது அல்ல. காதுக்கு இனிமையான சாதாரண காந்தாரம் ச-வைப் போல 6/5 மடங்கு. அதே அளவில் நாலு படி ஏறுங்கள். மேல் ச-வுக்கு 2 மடங்கு வரவேண்டும், வருவதோ 2.07. அடுத்த கட்டைக்குப் பாதி தூரத்துக்கும் மேலே தாண்டிவிட்டோம்! சரி, ச-ப முறைப்படி ஸ்வரம் பிடித்துப் போனால்? இப்போது கால் கட்டை அளவுக்குக் குறைகிறது. எப்படிப் போட்டாலும் கணக்கு உதைக்கிறது.

இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். தொழில், சித்த வைத்தியம். சாரங்கதேவர் வழியில் எல்லோரும் 22 சுருதி என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் 24 என்றார். அதுவும் அத்தனையும் சமம்! சிலப்பதிகாரத்தின் வட்டப்பாலையைச் சாட்சிக்கு அழைத்தார். 22-ஐ நாலால் வகுத்தால் ஐந்தரை. 24-ஐ வகுத்தால் கச்சிதமாக ஆறு. கேந்திரம் நாலும் சரியாக உட்கார்ந்துவிடும். 1916-ல் பரோடா இசை மாநாட்டில் வட இந்திய வித்வான்கள் முன்னால் இதை வாதாடினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டி வெளிவந்தது. இரண்டே வருஷத்தில் பண்டிதர் மறைந்தார்.

வேடிக்கையைப் பாருங்கள். பழந்தமிழ் இசை என்று அவர் கண்ட சமமான 12 ஸ்வரஸ்தானம், ஏற்கெனவே ஆர்மோனியத்தில் குடியிருந்தது. 'கமகம் வராது, சுருதி சுத்தமில்லை, அந்நிய சரக்கு' என்று அந்தப் பெட்டிக்கு 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ தடை போட்டது. தடை தளர்ந்தது 1971-ல்தான். 31 வருஷம்!

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வட்டம் மூடவேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்வரமும் தன் சுத்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வீணையில் விரலும் வயலினில் காதும் அதைச் சரிக்கட்டிவிடும். பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் ரேடியோ கதவைச் சாத்திய காலத்திலும் அந்தப் பெட்டி நாடகக் கொட்டகையில் பாடியது, பஜனையில் பாடியது.

அடுத்த தடவை ரயிலில் அதைக் கேட்டால், சில்லறையோடு ஒரு நிமிஷம் காதையும் கொடுங்கள்.