இருபத்தைந்து குதிரைகளும் ஒரு கார் டிக்கியும்

1961 செப்டம்பர். பெர்லின் நகரத்தின் குறுக்கே முள்கம்பி இழுத்து, சுவர் எழுப்ப ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கார் மேற்கே போகிறது. டிக்கிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பெண், கூடவே அவளுடைய இரண்டு சின்னப் பையன்கள். அழுது காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து கொடுத்திருந்தார்கள். காவலர்கள் டிக்கியைத் திறக்கச் சொன்னால் கதை முடிந்தது.

திறக்கச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் கணவர் அப்போது ஸ்வீடனில், கிறிஸ்டியன்ஸ்டாட் என்ற ஊரில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இருந்தார். பெயர் எர்ன்ஸ்ட் டெக்னர். கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். கம்பெனிக்காக ஓட்டுபவர். 125 சிசி உலக சாம்பியன் பட்டத்தைத் தொடும் தூரத்தில் இருந்தவர். அன்று பந்தயத்தின் நடுவே இன்ஜின் பழுதாகி நின்றுவிட்டது. ஆனால், டெக்னர் நிற்கவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

சுதந்திரத்துக்காகத்தான் என்பது பாதி பதில். மீதிப் பாதி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டக்கூடிய அளவே இருந்த ஒரு 125 சிசி இன்ஜின். அதற்குள் 25 குதிரைசக்தி இருந்தது.

'பூ... இவ்வளவுதானா?' என்று கேட்காதீர்கள். நம்ம ஊர் ரோட்டில் ஓடும் 125 சிசி பைக்குகள் பெரும்பாலும் இன்றைக்கும் 11, 12 குதிரைசக்திதான்!

அது சரி, இன்ஜினுக்குள் எத்தனை குதிரை இருக்கிறது என்று எப்படி எண்ணுவது?

33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்தில் ஓர் அடி தூக்கினால் அது ஒரு குதிரைசக்தி என்று கணக்கு வைத்தவர் ஜேம்ஸ் வாட். அதை அளக்க 1821-ல் பிரான்ஸின் ப்ரோனி ஓர் எளிய வழி சொன்னார். சுற்றுகிற தண்டை இரண்டு மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடி. அதில் நீளமாக ஒரு கை பொருத்து. தண்டு அந்தக் கையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்த எவ்வளவு எடை தேவை என்று பார். அந்த எடை, கையின் நீளம், தண்டின் வேகம் - மூன்றையும் பெருக்கினால் சக்தி தெரிந்துவிடும். பிரேக் போட்டு அளப்பதால்தான் 'பிரேக் ஹார்ஸ் பவர்' என்று பெயர். மரக்கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரும் மின்சாரமும் வந்தன. கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். மெக்கானிக்குகளுக்குச் செல்லமாக 'டைனோ'.

டைனோவிடம் ஒரு நல்ல குணம். பொய் சொல்லாது. 'அண்ணே, வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது' என்ற கதையெல்லாம் அதனிடம் எடுபடாது.

அந்தக் கருவியோடு மல்லுக்கு நின்றவர் வால்டர் காடன். பெயரைப் பார்த்து முரட்டு ஆசாமி என்று நினைக்க வேண்டாம், அடக்கமான இன்ஜினீயர். 1919-ல் சாக்ஸனி மலைப்பகுதியில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஹென்ஷல் விமானக் கம்பெனியில், ரேடியோவால் இயக்கும் குண்டுகள் செய்யும் திட்டத்தில் வேலை. போர் முடிந்ததும் மரவேலை, கூரை போடும் தொழில். ஓய்வு நேரத்தில் பழைய டி.கே.டபிள்யூ. வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்வார். அதைக் கவனித்து 1953-ல் ஷோப்பாவ் நகரத் தொழிற்சாலையில் பந்தயப் பிரிவை அவர் கையில் கொடுத்தார்கள். அதுதான் பின்னர் எம்.இஸட்.

அவர் எடுத்துக்கொண்டது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அன்று பந்தய உலகில் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. வால்வு இல்லை, கேம் இல்லை. சிலிண்டர் சுவரில் சில ஓட்டைகள், மேலும் கீழும் போகும் ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும்போதே, பாதி எரியாமல் புகையோடு வெளியே ஓடிவிடும்.

ஓடுவதைத் தடுக்கக் கதவு இல்லை. என்ன செய்வது? சத்தத்தையே கதவாக்கினார் காடன்!

புகை வெளியேறும்போது குழாய்க்குள் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் விரிந்துகொண்டே போனால், உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வந்து சிலிண்டரில் மிச்சம் இருக்கும் புகையை வெளியே இழுக்கும். புதுக் கலவையும் பின்னாலேயே வரும். பிறகு குழாய் குறுகினால், இப்போது தள்ளும் அலை திரும்பி வந்து, வழிந்துபோன கலவையை மறுபடி உள்ளே திணித்துவிடும். அதற்குள் பிஸ்டன் மேலே வந்து ஓட்டையை மூடிவிட வேண்டும். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும் இன்ஜினில், இத்தனையும் ஒரு நொடியின் இருநூறில் ஒரு பங்குக்குள் நடந்தாக வேண்டும்!

இந்த யோசனையும் மொத்தமாகக் காடனுடையது அல்ல. அவருக்கு முன்பே எரிக் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் தொட்டுப் பார்த்ததுதான். காடன் செய்தது, கண்ணால் பார்க்க முடியாத அந்த அலையை ஆசிலோஸ்கோப் திரையில் பார்த்ததும், டைனோவில் அளந்ததும்.

இங்கேதான் பெட்ரோல் வருகிறது. உள்ளே காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று போதும். ஆனால், அதிக சக்தி கிடைப்பது 12.5, 13 பங்கு காற்றில்தான். அதாவது, பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். கார்புரேட்டரில் மெயின் ஜெட் என்று ஒரு பொடிப் பித்தளைத் துண்டு இருக்கிறதே, அதன் துளைதான் இந்தக் கணக்கை முடிவு செய்கிறது.

அந்த 125 இன்ஜினுக்கு ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி விசிறி மடிப்பு மாதிரி அலுமினியத் தகடுகள். மோதும் காற்றுதான் குளிர்விக்க வேண்டும். இன்ஜினுக்கு உள்ளே பெட்ரோலும் அந்த வேலையில் ஒரு பங்கு செய்கிறது. ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஜெட்டைக் கொஞ்சம் சிறிசாக்கிப் பெட்ரோலைக் குறைத்தால், டைனோ முள் ஒரு நிமிஷம் சந்தோஷமாக மேலே ஏறும். அடுத்த நிமிஷம்? பிஸ்டன் உருகி ஓட்டை விழும், அல்லது சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். 'சீஸ் ஆயிடுச்சு' என்று மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவாரே, அதுதான். பெட்ரோல் கூடினால் ஸ்பார்க் ப்ளக் கறுக்கும், இன்ஜின் இருமும். சக்திக்கும் சாவுக்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இடைவெளி.

ஆகவே ஒரு குழாய். ஒரு ஜெட். ஓட்டு, அள, ப்ளக்கைக் கழற்றிப் பார், எழுதி வை. குழாயை மாற்று. மறுபடி முதலிலிருந்து.

1954-ல் அந்த இன்ஜினில் 13 குதிரைசக்தி. 1961-ல் 25. ஏழு வருஷத்தில் பன்னிரண்டு குதிரை. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு இரண்டுகூட இல்லை! ஆனால், லிட்டருக்கு 200 குதிரைசக்தி என்ற எல்லையை, காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் தொட்ட முதல் இன்ஜின் அதுதான். உதிரி பாகங்களுக்கே தட்டுப்பாடான ஒரு சோஷலிச நாட்டில், ஒரு சின்ன ஊரில்.

அந்தச் சமயத்தில் ஜப்பானின் சுசுகி கம்பெனியும் டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளோடு ஐரோப்பாவுக்கு வந்து தடுமாறிக்கொண்டிருந்தது. டெக்னருக்கும் அவர்களுக்கும் ரகசியப் பேச்சு நடந்தது. பத்தாயிரம் பவுண்டு விலை என்று பின்னாளில் எழுதினார்கள். உலகத்தின் மிகச் சிறந்த 125-ஐ ஓட்டினாலும், கையில் காசும் இல்லை, நினைத்த இடத்துக்குக் குடும்பத்தோடு போக உரிமையும் இல்லை. அப்படி ஒரு மனிதர் வேறென்ன செய்வார் என்று நாம் கேட்கலாம். 'என் ஏழு வருஷம் என்ன ஆவது?' என்று காடனும் கேட்கலாம். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

டெக்னரின் பந்தய லைசென்ஸை கிழக்கு ஜெர்மனி பறித்தது. அந்த வருஷப் பட்டம் ஹோண்டா ஓட்டிய டாம் ஃபிலிஸுக்குப் போனது. டெக்னர் ஜப்பான் போனார். அடுத்த வருஷமே, 1962-ல், 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஓட்டியவர் டெக்னர்! டூ ஸ்ட்ரோக் ஒன்று சாலைப் பந்தயத்தில் உலகப் பட்டம் வாங்கியது அதுவே முதல் தடவை.

ஒரு குழாயின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். டெக்னர் கொண்டுபோனது அதைவிடப் பெரிது. எந்த வழிகளிலெல்லாம் போய் முட்டிக்கொள்ள வேண்டாம் என்ற அறிவு. ஏழு வருஷத்தில் உருகிய பிஸ்டன்களின் பாடம். சுசுகி தாண்டிக் குதித்தது அந்த வருஷங்களைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஷோப்பாவ் பறிகொடுத்தது இது முதல் தடவை அல்ல. அங்கே பிறந்த டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 வண்டியைப் போருக்குப் பிறகு எல்லோரும் நகல் எடுத்தார்கள். பிரிட்டனின் பி.எஸ்.ஏ. பேன்டம், அமெரிக்காவின் ஹார்லி 125, 1955-ல் யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள் எல்லாம் அதன் பிள்ளைகள். 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 வந்ததே, அடுத்த வருஷம் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்து கல்லூரி வாசல்களை அதிரவைத்ததே... இரண்டின் பூர்வீகத்தையும் தோண்டினால் ஷோப்பாவ் வந்து நிற்கும்.

டெக்னரின் பிற்காலம் இனிக்கவில்லை. 1963-ல் ஜப்பானின் சுசுகா மைதானத்தில் விழுந்தார். பெட்ரோல் தீப்பிடித்து உடம்பு வெந்தது. பல முறை தோல் ஒட்டுச் சிகிச்சை. 1983-ல் டெனரீஃப் தீவில், 51 வயதில் இறந்தார். காடன் கடைசிவரை தன் ஊரை விட்டுப் போகவில்லை. எம்.இஸட். வண்டிக்கு சாலைப் பந்தய உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை. 1996-ல் அவர் இறந்தபோது, அவர் போட்ட கணக்கில்தான் உலகத்தின் டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

சுசுகா மைதானத்தில் ஒரு வளைவுக்கு டெக்னர் வளைவு என்று பெயர். 2005-ல் நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா ஒன் காரில் அதைச் சுற்றி வந்தார். ஓடிப்போனவர் பெயரில் ஒரு வளைவு இருக்கிறது.

கூடவே இருந்து அளந்தவருக்கு? பழைய ஆர்.எக்ஸ். 100 ஒன்று உங்கள் தெருவைக் கடக்கும்போது, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நின்று கேளுங்கள்.