சால்மன் சுஷியும் மிசோ ரசமும்

போன வெள்ளிக்கிழமை லேப் பசங்க என்னை ஒரு இஸாகயாவுக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. இஸாகயான்னா குடிக்கவும் கொறிக்கவும் உட்கார்ற கடை. எடோ காலத்துல சாக்கே விற்ற கடைகள்லயே உட்கார்ந்து குடிக்க விட்டாங்க, அதுல இருந்து வந்தது. 'இருந்து குடிக்கிற மதுக்கடை'ங்கிறதுதான் பேருக்கே அர்த்தம்.

இது கொஞ்சம் புதுமாதிரிக் கடை. அவகாடோ டெம்புரா, மயோனைஸ் தடவி வாட்டின சால்மன் சுஷி, நடுவுல சீஸ் வச்ச பன்றிக்கறி கட்சு... நான் சும்மா இருந்திருக்கலாம். "இதெல்லாம் அசல் ஜப்பான் சாப்பாடே இல்லை"ன்னு நாட்டாமைத் தீர்ப்பு சொல்லிட்டேன். எதிர்ல இருந்த நண்பன் சிரிச்சுக்கிட்டே, "அப்போ எது அசல்?"னு கேட்டான். "சாதா சால்மன் சுஷி, சாதா டெம்புரா, சாதா கட்சு"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சப்பதான் எங்கே மாட்டினேன்னு புரிஞ்சது :-)

முதல்ல சால்மன். ஜப்பான்காரங்க அதை உப்புப் போட்டும் சுட்டும்தான் காலங்காலமா சாப்பிட்டாங்க. பசிபிக் கடல் சால்மன்ல ஒட்டுண்ணிப் புழு இருக்கும்ங்கிறதால பச்சையா தொட மாட்டாங்க. பண்ணையில வளர்த்த மீனை வச்சுக்கிட்டுச் சந்தை தேடின நார்வே, 1980களின் நடுவில ஆரம்பிச்சு வருஷக்கணக்கா இங்கே விளம்பரம் பண்ணித்தான் அது சுஷி மேல ஏறுச்சு. அதாவது என் 'அசல்' எங்க அப்பாவை விட வயசுல சின்னது!

டெம்புரா? 1543ல தானேகஷிமா தீவுல வந்து இறங்கின போர்ச்சுகீசியர்களோட வழியா வந்த, மாவுல தோய்ச்சுப் பொரிக்கிற பழக்கம்.

கட்சு கதைதான் கனமானது. 675ல டென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் வருஷத்துல பாதி நாள் சாப்பிடக் கூடாதுன்னு ஆணை போட்டார். அதுக்கப்புறம் தடைமேல தடை. ஒளிச்சு மறைச்சுச் சாப்பிட்டவங்க உண்டு. ஆனாலும் கறி தீட்டுங்கிற எண்ணம் ஆயிரம் வருஷத்துக்கு மேல நின்னுச்சு. 1872ல மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார்னு ஊரறியச் சொன்னாங்க. மேற்கத்தியர்களுக்குச் சமமா நிக்கணும்னா அவங்களை மாதிரி சாப்பிடணும்னு ஒரு கணக்கு. அடுத்த மாசமே பத்துப் பேர் கொண்ட துறவிக் கூட்டம் ஒண்ணு இதை எதிர்த்து அரண்மனைக்குள்ள புகுந்தது. காவலர்களோட நடந்த மோதல்ல அவங்கள்ல சில பேர் செத்துப் போனாங்க. ஒரு தட்டுக் கறிக்காக! அதுக்கப்புறம் முப்பது வருஷம் கூட ஆகலை. 1899ல தோக்கியோ கின்ஸாவில ரெங்காதெய்ங்கிற கடை பன்றிக்கறியை டெம்புரா மாதிரி எண்ணெயில முக்கிப் பொரிச்சுக் கொடுத்தது. இன்னிக்கு அது 'பாரம்பரியம்'.

அன்னிக்கு அந்தத் துறவிகள் சொன்னதும், நான் சீஸ் கட்சுவைப் பார்த்துச் சொன்னதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "இது நம்மளது இல்லை." அவங்க அதுக்காக உயிரைக் கொடுத்தாங்க, நான் பீர் குடிச்சுக்கிட்டே சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதோட விட்டிருந்தா பரவாயில்லை. போன மாசம் இதே நண்பன் என் சமையலைப் பார்த்துட்டு, அவனா மிசோ கலந்து ரசம் வச்சு எடுத்துட்டு வந்தான். ஒரு வாய் குடிச்சுட்டு, "இது ரசமே இல்லை"ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். அவன் முகம் சுருங்கினது இப்போதான் உறைக்குது. என் ரசத்துல இருக்கிற மிளகாயும் தக்காளியும் எங்கிருந்து வந்ததாம்? ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகாயை நம்ம பக்கம் கொண்டு வந்தது, இங்கே டெம்புராவைக் கொண்டு வந்த அதே போர்ச்சுகீசியக் கப்பல்காரங்கதான். அதுக்கு முன்னாடி நமக்குக் காரம்னா மிளகும் திப்பிலியும்தான்.

திங்கட்கிழமை லேபுக்குப் போய் அந்த மிசோ ரசத்தை இன்னொரு தடவை வச்சுத் தரச் சொல்லிக் கேட்கணும். மறுபடி வச்சுத் தருவானான்னுதான் தெரியலை.