சுவார்ட்ஸ் ஐயரின் நாணயம்

நாணயம் என்றால் காசு. நேர்மை என்றும் பொருள் உண்டு. கிறிஸ்தவ ஊழியர் ஒருவரின் நேர்மை ஒரு முறை காசைவிட அதிகமாக உதவியது.

1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. அந்தப் போரில் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம். கிராமங்களில் நெல் இருந்தது. சுமந்துவர மாடு தருவாரில்லை. முன்பு கூலி கிடைக்காததால் அரசரின் வாக்கையும் கும்பெனியின் வாக்கையும் மக்கள் நம்பவில்லை.

ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், கூலிக்குத் தாமே பொறுப்பு என்றார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. நெல் வந்து சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார்.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடுமா? 1779-இல் தூது சென்றபோது ஹைதர் கொடுத்த பணத்தைக்கூட அவர் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கே கொடுத்தவர். பஞ்சத்தில் தஞ்சைக்குச் சோறு போட்டது அந்தக் குணம்தான்.