செஸ் (ஆஸ்திரேலியப் பங்குப் பதிவேடு)

சிட்னி, மெல்போர்ன் உட்பட ஆறு நகரச் சந்தைகள் 1987இல் இணைந்து உருவான ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையின் (ஏ.எஸ்.எக்ஸ்.) மின்னணுப் பதிவேடு. எந்தப் பங்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பதிந்து, விற்றவருக்குப் பணமும் வாங்கியவருக்குப் பங்கும் சேரும்படி கணக்கு முடிக்கிறது. 1994இல் வந்த இது, காகிதச் சான்றிதழ்களின் இடத்தைப் பிடித்தது.

வயதான இந்த மென்பொருளுக்குப் பதிலாகப் பிளாக்செயின் வகைத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவரப் போவதாக ஏ.எஸ்.எக்ஸ். 2017 டிசம்பரில் அறிவித்தது. உலகின் கவனத்தை ஈர்த்த துணிச்சலான முயற்சி அது. ஆனால் தொடக்கத் தேதி பலமுறை தள்ளிப்போனது. அக்சென்சர் நிறுவனத்தின் ஆய்வு வடிவமைப்புக் குறைகளைச் சுட்டிக்காட்ட, 2022 நவம்பரில் பணி நிறுத்தப்பட்டது. சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் நட்டமாக எழுதப்பட்டது.

2023 நவம்பரில் இந்தியாவின் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் ஆயத்த மென்பொருள் தேர்வானது. அதை இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தத் திட்டமிடப்பட்டது.